உறுப்பினருக்குக் கைபேசி, ஊருக்குக் காகிதம்

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பென்ஷனில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆகவே இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது: எங்கள் பறவைச் சங்கத்தின் செய்தி மடலை இனித் தபாலில் அனுப்ப வேண்டாம்.

திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களைச் சுற்றிவரும் சிறிய சங்கம் எங்களுடையது. பள்ளிக்கூட வாத்தியார்கள், வங்கி ஊழியர்கள், ஒரு சித்த மருத்துவர், கல்லூரிப் பிள்ளைகள், என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள். கணக்கு வழக்கு என் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பதினாறு பக்க மடல் ஒன்று போடுகிறோம். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு முடிந்ததும் பொதுக்குழு கூடும். இம்முறை, மடலை அச்சில் நிறுத்திவிட்டு மின்மடலாக அனுப்புவது என்ற தீர்மானம் வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் இப்போதே வாய்த்தகராறு ஆரம்பித்துவிட்டது.

இளையவர்கள் சொல்வது: காசு மிச்சம், நாள் மிச்சம், படமெல்லாம் கலரில் போடலாம். மூத்தவர்கள் சொல்வது: ஆயுள் சந்தா கட்டியிருக்கிறோம், புஸ்தகம் கைக்கு வரணும். இரண்டு பேச்சிலும் ஞாயம் உண்டு. ஆனால் இரண்டு தரப்பும் பேசுவது உறுப்பினரைப் பற்றி மட்டுமே. மடல் எந்த வடிவத்தில் வந்தாலும் உறுப்பினர் படித்துவிடுவார். படிக்காவிட்டாலும் கூழைக்கடாவைச் சுடப் போவதில்லை. அச்சா, திரையா என்பதை உறுப்பினரை வைத்து முடிவு செய்வதில்தான் எனக்கு வழக்கு.

முதலில் தபால் சங்கதி. அச்சகத்திலிருந்து கட்டு வந்து இறங்கியதும் செயலாளர் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பேர் உட்காருவோம். மைதாப் பசை, முகவரிச் சீட்டு, தபால்தலை நனைக்க ஈரப் பஞ்சு. மடலை மூன்றாக மடித்து, நடுவில் காகிதப் பட்டை சுற்றி, 'புக் போஸ்ட்' என்று ரப்பர் முத்திரை குத்த வேண்டும். புக் போஸ்ட் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று உருவிப் பார்க்க வசதி இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பட்டையை இறுக்கி ஒட்டக் கூடாது. தளர்வாக ஒட்டினால் வழியிலேயே கழன்று, முகவரி ஒரு பையிலும் மடல் இன்னொரு பையிலும் பயணம் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பக்குவம் உண்டு. அதைக் கற்றுக்கொடுத்ததுதான் சங்கத்துக்கு நான் செய்த முதல் சேவை.

பிரிப்பு மேஜையில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்பீடு போஸ்ட் முதலில், சாதாரணக் கடிதம் அதற்கப்புறம், புக் பாக்கெட் கடைசி. பீட்டுக்குக் கிளம்பும் தபால்காரரின் பையில் ஆதார் அட்டை, ஏ.டி.எம். கார்டு, கோர்ட்டு நோட்டீஸ் என்று கையெழுத்து வாங்க வேண்டியவையே நிறைந்திருக்கும். எங்கள் மடல் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று ஒதுங்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். வலசைப் பறவைகள் வந்துவிட்டன என்று அக்டோபரில் எழுதியது, சில வீடுகளுக்குப் பொங்கல் கழிந்து போய்ச் சேர்ந்ததுண்டு.

இதற்கிடையில் துறையே மாறிவிட்டது. பதிவு செய்த புத்தகக் கட்டுகளுக்கு இருந்த சலுகைச் சேவையை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். சிறு பதிப்பாளர்களுக்கு அது பெரிய அடி. 2025-இல் பதிவுத் தபாலே ஸ்பீடு போஸ்ட்டுக்குள் ஐக்கியமாகிவிட்டது. பதிவு பெற்ற பத்திரிகைகளுக்குச் சலுகைக் கட்டணம் இருக்கிறது என்பார்கள். அதற்குப் பத்திரிகைப் பதிவாளரிடம் பெயர் பதிய வேண்டும், தபால் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும், குறித்த நாளில் குறித்த அலுவலகத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும். எங்களைப் போன்ற சங்கத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. சந்தாப் பணத்தில் அச்சுக்கும் தபால்தலைக்கும் போனது போக, தொலைநோக்கிக்குப் பூஞ்சை துடைக்கக்கூட மிஞ்சுவதில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பாடெல்லாம் பட்டே தீர வேண்டியிருந்தது. பறவையியலாளர் சாலிம் அலி குடும்பத்தில் பெண் எடுத்த ஜாஃபர் ஃபுதேஹலி, 1959 முடிகிற சமயத்தில் பம்பாய் அந்தேரியிலிருந்து 'நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்' என்ற மடலைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அது சைக்ளோஸ்டைல் தாள்தான். நாற்பதாண்டுக்கு மேல் அவரே ஆசிரியர். பறவையியல் படித்தவர்கள் எழுதப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்விதழ் 1886 முதலே இருந்தது. தன் வீட்டுக் கொல்லையில் ஆறுமணிக்குருவி வந்து இறங்கியதை எழுத ஒரு குமாஸ்தாவுக்கு இடம் வேண்டுமே? ஃபுதேஹலியின் மடல் அந்த இடத்தைக் கொடுத்தது. 1978-இல் தொடங்கிய சென்னை இயற்கையாளர் சங்கத்துக்கு 'பிளாக்பக்' இதழ். கடலுக்கு அந்தப் பக்கம், 1943-இல் பிறந்த சிலோன் பறவை மன்றத்துக்கு அதன் குறிப்பு மடல். எல்லாம் தபால்காரர் தோளில் போனவைதான். ஒருவர் பார்த்தது இன்னொருவருக்குத் தெரிய வேறு வழி இருக்கவில்லை.

இன்று வழி இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேடு, இங்கே ஒவ்வொரு குளத்தங்கரையிலும் கைபேசிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவை எண்ணுகிறார்கள். வீட்டு மாடியில் நின்றபடி கால் மணி நேரம் எண்ணினாலும் கணக்கில் சேரும். 2023-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை அலசியது. அதற்கு அடிப்படை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் இப்படிப் பதிந்த சுமார் 3 கோடிக் குறிப்புகள். 178 இனங்களை உடனடியாகக் கவனிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொல்கிறது. எங்கள் மடலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த 'இம்மாதம் கண்டவை' பட்டியலுக்கு இனி அச்சில் வேலை இல்லை என்பது இதிலிருந்தே தெரியும். அந்தப் பட்டியலை மெய்ப்புப் பார்த்துக் கண் பூத்தவன் என்ற முறையில், அது ஒழிவதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷமும் உண்டு.

மின்மடலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. 'மரம் மிச்சம்' என்கிறார்கள். நம் மாநிலத்திலேயே கரூர் பக்கம் காகிதபுரத்தில் அரசின் காகித ஆலை இருக்கிறது. கரும்புச் சக்கைதான் அங்கே முக்கியமான மூலப்பொருள். எங்கள் முந்நூறு மடலுக்காக ஒரு வேப்பங்கன்றுகூடச் சாய்ந்திருக்காது. பறவை பார்க்க ஆளுக்கொரு காரில் வந்து இறங்குகிறவர்கள் காகிதத்துக்குக் கண்ணீர் வடிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

மூத்தவர்களின் குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்த எங்கள் ஆயுள் உறுப்பினர் ஒருவர், "அண்ணாச்சி, மொபைல்ல படிச்சா பறவை பார்த்த மாதிரி இல்ல, பரீட்சை பேப்பர் திருத்தின மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான். ஏ4 தாளில் இரண்டு பத்தியாகக் கட்டிய பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கிக் கைபேசிக்கு அனுப்பினால், வரிக்கு வரி இழுத்து இழுத்து விரல் ஓய்ந்துபோகும். கைபேசிக்கென்று ஒற்றைப் பத்தியில், பெரிய எழுத்தில் கட்டினால் பாதிக் குறை தீரும். மீதிக் குறைக்கு, கேட்கிறவர்களுக்கு மட்டும் லேசர் அச்சில் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, கூட்டத்துக்கு வரும்போது கையில் கொடுத்துவிடலாம். அவர்களைக் காரணம் காட்டி எல்லோருக்கும் அச்சடிக்கத் தேவையில்லை.

இனிதான் நான் சொல்ல வந்தது.

ஊர் பெயர் வேண்டாம். தாமிரபரணிக் கால்வாய் நீர் வந்து சேரும் ஒரு குளம். சமூகக் காடு வளர்ப்பில் குளத்துக்குள் நட்ட நாட்டுக்கருவேல மரங்கள் நன்றாக வளர்ந்து நிற்கின்றன. தண்ணீர் நிற்கும் மாதங்களில் அந்த மரங்களில்தான் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் கூடு கட்டும். மரம் முற்றியதும் விறகுக்கு ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் தனக்கு வசதியான நேரத்தில் வெட்டுவார். கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. இதைப் பற்றி எங்கள் மடலில் முக்கால் பக்கம் எழுதியிருந்தோம். எந்த மாதம் முட்டை, எந்த மாதம் குஞ்சு, எந்த மாதத்துக்குப் பிறகு வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை என்ற அளவில்தான்.

அந்த ஊரில் எங்களுக்கு ஒரே ஒரு உறுப்பினர். அங்குள்ள பள்ளிக்கூட ஆசிரியர். அவர் படித்து முடித்த மடல்களைச் சலூனில் போட்டுவிடுவார். சலூன்காரர் அதைத் தினத்தந்தியோடு சேர்த்துக் கம்பியில் தொங்கவிடுவார். முகச்சவரத்துக்காகக் காத்திருந்த நீர்ப்பாசன சங்கத் தலைவர், பேப்பரை இரண்டு தரம் புரட்டி முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் எங்கள் மடலை எடுத்திருக்கிறார். எடுத்தவர் முக்கால் பக்கத்தையும் படித்திருக்கிறார். பின்னட்டையில் இருந்த எண்ணுக்கு அன்று மதியமே போன் வந்தது.

"அண்ணாச்சி, இது நம்ம குளத்தப் பத்தித்தான எழுதிருக்கிய?"

"பொதுவா எழுதினதுதான். உங்க குளத்துக்கும் பொருந்தும்."

"அடுத்த வாரம் மரம் வெட்ட ஆள் வருதுன்னு சொல்றாவ. ஏலத்த நிறுத்தச் சொல்லல. தள்ளிப் போடச் சொல்லி எழுதணும்னா யாருக்கு எழுதணும், எப்படி எழுதணும்?"

மனுவை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். கையெழுத்து வாங்கியது அவர். வயல்காரர்கள் சுலபமாகப் போட்டுக் கொடுத்தார்கள். பறவை எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு என்ன செய்யும் என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டு, குஞ்சுகள் பறந்த பிறகு என்று தள்ளிப்போனது. மரம் வெட்டினார்கள், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

அந்த ஆசிரியருக்கு மின்மடல் போயிருந்தால் அவர் தன் அறையில் உட்கார்ந்து படித்திருப்பார். குழுவில் கைகூப்பிய படம் ஒன்று போட்டிருப்பார். சலூன் கம்பியில் கைபேசியைத் தொங்கவிட முடியாது.

'அந்தத் தலைவரும் வாட்ஸ்அப் வைத்திருக்கிறாரே, அவருக்கும் அனுப்பலாமே' என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பாசன சங்கத் தலைவர் எங்கள் பட்டியலில் எங்குமே இல்லாத ஆள். கைபேசியில் வருவது, கேட்டவருக்கு வருகிறது. அல்லது கேட்காதவருக்கு வந்து, திறக்காமலே அழிகிறது. காகிதம் கிடக்கிற இடத்தில் கிடக்கும். சும்மா இருக்கிற கை அதை எடுக்கும். சலூன், டீக்கடை, உரக்கடை, ரேஷன் கடை வரிசை, மருத்துவமனைப் பெஞ்சு: நம் ஊர்களில் இன்னமும் காத்திருப்பு நிறைய இருக்கிறது. அந்தக் காத்திருப்பைக் கைபேசி முழுசாகத் தின்றுவிட்டது என்பவர்கள், வெயில் நேரத்தில் சார்ஜ் இல்லாத போனோடு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் பறவையைக் காத்த பெருமை யாருக்கு என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி 1977-இல் சரணாலயம் ஆனது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளத்தை அரசு சரணாலயமாக அறிவித்தது 1994-இல். அதற்கு ரொம்பக் காலம் முன்பிருந்தே, தெருவோர மரத்தில் நாரை கூடு கட்டினால் அது வீட்டுக்கு வந்த விருந்து என்று அந்த ஊர் வைத்துக்கொண்டது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் கோயிலைச் சுற்றி நிற்கும் மரங்களில் பறவைகள் அடைவதை ஊர்மக்கள் பாதுகாத்ததால், 2005-இல் அது நாட்டின் முதல் 'பாதுகாப்பு ஒதுக்கிடம்' ஆனது. இதில் எந்த ஊரிலும் யாரும் பறவைச் சங்கத்தில் சந்தா கட்டிவிட்டுக் காக்கவில்லை.

உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் தமிழகத்துக்கு இன்று 20 இடங்கள் இருக்கின்றன; கூந்தன்குளமும் அதில் ஒன்று. மாநிலத்தில் உள்ள ஏரி, குளம், கண்மாய்களோ 39,000-க்கும் மேல். 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் பறவை எண்ணுகிறார்கள். அந்தக் குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலியும் இல்லை, காவலரும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. மீன்பாசிக் குத்தகைக்காரர் வெடி போட்டுக் கூழைக்கடாவை விரட்டினால், கேட்பதற்குக் கரையில் ஆடு மேய்க்கிறவர்தான் உண்டு. அவருக்குத்தான் மடல் போக வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பதினாறு பக்க மடல் உறுப்பினர்களுக்கு மின்மடலாகப் போகட்டும். அதில் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, உறுப்பினர் அல்லாதவர்களுக்காக ஒரே ஒரு தாள் அச்சடிப்போம். ஏ3 அளவு, ஒரு பக்கம், கல்யாணப் போஸ்டர் பருமனில் எழுத்து. இந்தப் பருவத்தில் இந்தக் குளத்தில் இருக்கும் நான்கு பறவைகளின் படம். ஊரில் அவற்றைக் கூப்பிடும் பெயர். அறிவியல் பெயர் வேண்டவே வேண்டாம். கீழே ஒரே ஒரு செய்தி: இந்த மாதம் மரம் வெட்டாதீர்கள், அல்லது வலையில் நாரை சிக்கினால் இப்படி விடுவியுங்கள், அல்லது இந்த வேலைக்கு இந்த அலுவலகத்தில் இப்படி மனுக் கொடுங்கள். அதன் கீழே ஒரு தொலைபேசி எண். தலைவர் உரை, செயலாளர் அறிக்கை, ஆண்டு விழாவில் சால்வை போர்த்திய படம் எதுவும் கூடாது.

கொண்டு சேர்ப்பது கஷ்டமில்லை. கணக்கெடுப்புக்கென்று எப்படியும் நாங்கள் அந்தக் குளங்களுக்குப் போகிறோம். போகிறவர் பையில் பத்துத் தாள் சுருட்டிக்கொண்டு போகலாம். போகாத ஊருக்கு மினி பஸ் கண்டக்டர் இருக்கிறார். மழையில் நனைந்து கிழியுமே, லேமினேட் செய்யலாமே என்று ஒரு தம்பி கேட்டார். பறவைச் சங்கம் ஊர் ஊராகப் பிளாஸ்டிக் ஒட்டினால், அடுத்த மடலில் நம்மைப் பற்றியே கண்டனக் கட்டுரை எழுத வேண்டிவரும். கிழிந்தால் கிழியட்டும். இரண்டு மாதத்தில் அடுத்த தாள் வந்துவிடும்.

மின்மடலுக்கு ஓட்டுப் போடும் இளையவர்களிடம் இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, கூடு. அச்சு மடலின் தாமதத்தில் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. இன்ன ஊர்ப் பாறையில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது என்று எழுதினால், அது அச்சாகி, தபாலில் போய், ஆள் கைக்குக் கிடைப்பதற்குள் குஞ்சு பறந்திருக்கும். மின்மடல் அன்று மாலையே போகும்; அடுத்த நாள் காலை கேமராவோடு எட்டுப் பேர் பாறையடியில் நிற்பார்கள். தாய்ப்பறவை கூட்டுக்கு வர அஞ்சும். அவர்கள் நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் செய்தி மூன்று கை மாறினால், ஆந்தையை மாந்திரீகத்துக்கு விற்கிறவனிடமும் அது போய்ச் சேரும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது. ஆந்தை வியாபாரம் இன்னும் ஓயவில்லை. இ-பேர்டே சில அரிய இனங்கள் எங்கே காணப்பட்டன என்பதைப் பொதுவில் காட்டாமல் மறைத்துவைக்கிறது. எங்கள் மடலுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்: கூடு இருக்கும் இடத்தைப் பருவம் முடிந்த பிறகே எழுதுவது, படத்தில் ஊர் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொள்வது.

இரண்டாவது, ஞாபகம். இதில் எனக்குக் கவலை அதிகம். எங்கள் பழைய மடல்கள் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் செய்தவை. யூனிகோடு பரவாத காலம். அச்சகத்துக்கு அச்சகம் வெவ்வேறு தமிழ் எழுத்துரு. சென்ற வருஷம் ஒரு கல்லூரி மாணவி, நயினார்குளத்தில் முன்பெல்லாம் என்னென்ன பறவை இருந்தது என்று பார்க்க வந்தார். குறுந்தட்டில் இருந்த கோப்புகளைத் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் மேற்கோள் குறியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. அந்த எழுத்துரு இன்று எந்தக் கணினியிலும் இல்லை. பிடிஎஃப் ஆக இருந்த சில இதழ்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தன. ஆனால் தேடுமிடத்தில் 'கூழைக்கடா' என்று அடித்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை. உள்ளே இருப்பது தமிழே இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தது செயலாளர் வீட்டுப் பரணில் இருந்த காகிதக் கட்டு. கரையான் ஓரத்தை மட்டும் அரித்திருந்தது. தரையில் உட்கார்ந்து இரண்டு நாள் புரட்டி, வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்.

கரையானைவிட வேகமாகத் தின்பவை உண்டு. யாஹூ குழுமங்களில் தமிழர்களும் பறவை நோக்கர்களும் எழுதிக் குவித்தது எவ்வளவு! 2020 டிசம்பரில் அது மூடியே விட்டது. இப்போது எங்கள் ஆட்கள், 'செயலாளரின் கூகுள் டிரைவில் போட்டுவைத்தால் போதும்' என்கிறார்கள். இரண்டு வருஷம் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிப்பது என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பரில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. செயலாளருக்கு வயது எழுபதுக்கு மேல். கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நான் வாய்விட்டு வேறெதுவும் சொல்ல விரும்பவில்லை.

என்ன செய்யலாம்? மடல் முழுக்க யூனிகோடில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இதழையும் இணைய ஆவணக் காப்பகம் போன்ற ஒரு பொது இடத்தில் ஏற்ற வேண்டும். இலங்கைத் தமிழர்கள் 2005 முதல் 'நூலகம்' என்ற பெயரில் பத்திரிகை, மலர், துண்டுப் பிரசுரம் உட்பட எல்லாவற்றையும் இணையத்தில் சேர்த்துவருகிறார்கள். அவ்வளவு இழப்புக்கு நடுவில் அவர்களால் முடிந்தது, நமக்கு ஏன் முடியாது? அதோடு, மின்மடல் ஆனாலும் இதழுக்குப் பத்துப் படியாவது நல்ல காகிதத்தில் அச்சிட்டுச் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும், மாவட்ட மைய நூலகத்துக்கும், ரோஜா முத்தையா நூலகத்துக்கும், சுற்றியுள்ள இரண்டு மூன்று கல்லூரிகளுக்கும் கொடுக்க வேண்டும். கன்னிமாரா 1896-இல் திறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெற்றுச் சேமிக்கும் நூலகங்களில் ஒன்று. எங்கள் சங்கத்தைவிட அதற்கு ஆயுள் கெட்டி. பம்பாய்ச் சங்கத்தின் நூற்றாண்டு கடந்த ஆய்விதழ்களை இன்று வீட்டிலிருந்தபடி இணையத்தில் படிக்க முடிகிறது என்றால், யாரோ ஒரு நூலகர் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பதுதான் காரணம். அந்தப் பத்துப் படியை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். அதற்குத் தபால்தலை வாங்க நான் தடை சொல்ல மாட்டேன்.

பொதுக்குழுவில் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கப் போகிறேன், ஒரு திருத்தத்தோடு: உறுப்பினருக்கான அச்சு நிற்கட்டும், ஊருக்கான அச்சு தொடங்கட்டும், அதற்கு வரவு செலவில் தனித் தலைப்பு இருக்கட்டும். திருத்தம் தோற்றால் மூலத் தீர்மானத்துக்கு எதிராக ஓட்டுப் போடுவேன் என்று தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். எங்களைப் போலவே மடலை மின்மடலாக்கும் யோசனையில் இருக்கும் மற்ற சங்கங்களும் இந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். காப்புரிமை எதுவும் இல்லை.

குளத்தங்கரை ஊர்களில் டீக்கடையும் சலூனும் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். பேப்பர் தொங்கும் கம்பிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாளுக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள். வாடகை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.